விடுமுறைகளும் மாலை விருந்துகளும்: இலண்டன் மாணவர் காந்தி, 1888–1891 – ஒரு நிகழ்வு ஆய்வு

வெளிநாட்டில் படிக்கும் மாணவரைப் பற்றிப் பேசும்போது கல்லூரியையும் கட்டணத்தையும் தேர்வு முடிவையும் பார்க்கிறோம். மாலையில் அவர் யாரோடு அமர்ந்து சாப்பிடுகிறார், விடுமுறை விட்டால் எந்த ஊருக்குப் போகிறார், போன ஊரில் யார் வீட்டில் தங்குகிறார் என்பவை அவரவர் சொந்த விஷயம் என்று ஒதுங்கிக்கொள்கிறோம். 1888 முதல் 1891 வரை இலண்டனில் பாரிஸ்டர் படிப்புப் படித்த மோகன்தாஸ் கரம்சந்த் காந்தியை இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு: அவருடைய பாடங்களைப் பற்றிச் சொல்வதற்குச் சில வரிகளுக்கு மேல் இல்லை, அவருடைய மாலைகளையும் விடுமுறைகளையும் பற்றியோ அவரே ஒளிவுமறைவின்றி விரிவாக எழுதிவைத்திருக்கிறார். பிற்காலத்து மகாத்மாவை இங்கே மறந்துவிட வேண்டும். பத்தொன்பது வயது நிறைவதற்குள் கப்பலேறியவரும், நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூசியவரும், அண்ணன் அனுப்பும் பணத்தில் வாழ்ந்தவருமான ஒரு மாணவர் மட்டுமே நம் முன் இருக்கிறார்.

மதுவையும் மாமிசத்தையும் பிற பெண்களையும் தொடுவதில்லை என்று தாய்க்கு வாக்களித்துவிட்டுப் போன அவர் மூன்றாண்டுகளும் அந்த வாக்கைக் காத்தார் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. மன உறுதியால் காத்தார் என்றே நமக்குச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. சான்றுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால், உறுதி மட்டும் போதவில்லை என்பது தெரிகிறது. எங்கே சாப்பிடுவது, யாரோடு தங்குவது, கையில் எவ்வளவு வைத்துக்கொள்வது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்ட இடங்களில் அவர் நிம்மதியாக இருந்தார். ஏற்பாடு இல்லாமல் போன இடங்களில், அதே உறுதியோடு போயும், தடுமாறினார்.

சான்றுகளைப் பற்றிச் சில சொற்கள். முதன்மையான ஆதாரம் ‘சத்திய சோதனை’. 1925ஆம் ஆண்டு முதல் ‘நவஜீவன்’ வார இதழில் குஜராத்தியில் தொடராக வந்த அந்தத் தன்வரலாறு, நிகழ்ச்சிகள் நடந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது. தம் குறைகளை வெளியே சொல்லிவிட வேண்டும் என்ற நோக்கத்தோடு எழுதியவர் தம்மைக் கொஞ்சம் கடுமையாகவே நடத்தியிருக்கக்கூடும். ஆண்டுகளும் ஓரிரு இடங்களில் பிசகியிருக்கின்றன. பாரிஸ் கண்காட்சியை 1890ஆம் ஆண்டில் நடந்ததாக அவர் எழுதுகிறார், உண்மையில் அது 1889 மே மாதம் தொடங்கி அக்டோபர் இறுதி வரை நடந்தது. ஆனால் தொகைகளில் அவர் நினைவு நம்பத்தக்கது என்றே கருதுகிறேன். இலண்டனில் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதிப் பழகியவர் அவர்.

படிப்பு விட்டுவைத்த நேரம்

1888 செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயிலிருந்து ‘கிளைடு’ என்னும் கப்பல் புறப்பட்டது. கடல் கடந்து போவது தகாது என்று அவருடைய மோத் பனியா சாதியார் பம்பாயில் கூட்டம் கூட்டி அவரைச் சாதி நீக்கம் செய்திருந்தார்கள். அவருக்கு உதவுகிறவர்களுக்கும், துறைமுகத்துக்குப் போய் வழியனுப்புகிறவர்களுக்கும் ஒரு ரூபாய் நான்கணா அபராதம் என்றும் அறிவித்திருந்தார்கள். கப்பலில் ஒரே அறையில் உடன் பயணம் செய்தவர் ஜூனாகட் வக்கீலான திரியம்பக்ராய் மஜும்தார். மஜும்தார் எல்லோரிடமும் கலகலப்பாகப் பேசிப் பழக, காந்தியோ கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாமலும், எந்தப் பண்டத்தில் மாமிசம் இல்லை என்று கேட்கத் துணியாமலும், சாப்பாட்டு மேசைப் பக்கமே போகாமல், ஊரிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் தின்று நாளைக் கழித்தார். பின்னால் இலண்டனில் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்தக் கப்பல் நாட்கள் உதவுகின்றன: பசியைத் தாங்கிக்கொள்ள அவரால் முடிந்தது, கேட்பதற்குத்தான் முடியவில்லை.

1888 நவம்பரில் இன்னர் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். அன்றைய பாரிஸ்டர் படிப்பு இன்றைய மாணவருக்கு வியப்பாக இருக்கும். பட்டம் பெற இரண்டே நிபந்தனைகள்: தேர்வுகளில் தேற வேண்டும், பன்னிரண்டு பருவங்கள், அதாவது ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், கழகத்து விருந்துகளில் கலந்துகொள்ள வேண்டும். ரோமன் சட்டத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குறையாமலும், இறுதித் தேர்வில் எழுபத்தைந்து பேருக்குக் குறையாமலும் தேறினார்கள் என்றும், தேர்வுகள் ஆண்டுக்கு நான்கு முறை நடந்தன என்றும் அவரே எழுதுகிறார். குறிப்புப் புத்தகங்களைச் சில வாரங்கள் புரட்டியே பலர் தேறினார்கள். அவர் அப்படிச் செய்யாமல் மூல நூல்களை வாங்கி ஒன்பது மாதம் உழைத்துப் படித்தார். இடையில் இலண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வையும் எழுதி, முதல்முறை இலத்தீனில் தவறி, மறுமுறை தேறினார். அப்படியும் மூன்றாண்டில் பெரும்பகுதி அவர் கையில் மிஞ்சியிருந்தது. வெளிநாட்டு மாணவருக்குப் பணத்தைவிடப் பெரிய ஆபத்து இப்படி மிஞ்சுகிற நேரம்தான் என்பது என் எண்ணம். குடும்பத்தார் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மாலைகள்

விருந்தே பாடத்திட்டமாக இருந்ததால், மாலை நேரத்துக் கூட்டாளிகளை விட்டு ஒதுங்கியிருப்பதும் அவருக்குக் கூடாத காரியம். ஒவ்வொரு பருவத்திலும் இருபத்துநான்கு விருந்துகள் நடக்கும், அவற்றில் ஆறுக்காவது போய்ப் பெயர் கொடுத்து, முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். சாப்பிட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு விருந்துக்கு இரண்டரை ஷில்லிங் முதல் மூன்றரை ஷில்லிங் வரை கட்டணம் (அன்று பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுன்); வெளியே விடுதிகளில் அந்தத் தொகை மதுவுக்கு மட்டுமே ஆகிவிடும் என்பதால் இது மலிவு என்று எண்ணப்பட்டது. நான்கு நான்கு பேராக மாணவர்களை அமர்த்தி, நால்வருக்கு இரண்டு புட்டி மது கொடுப்பார்கள். குடிக்காத ஒருவர் தம் நால்வரில் இருந்தால் மற்ற மூவருக்கும் பங்கு கூடும் அல்லவா? ஆகவே காந்தியைத் தங்களோடு உட்காரச் சொல்லிப் பலரும் அழைத்தார்கள். பருவத்துக்கொரு முறை வரும் பெருவிருந்து இரவில் ஷாம்பெயினும் சேர்ந்து வரும் என்பதால் அன்று அவருக்கு இன்னும் கிராக்கி.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குடிக்க மறுக்கும் மாணவரை வெளிநாட்டுக் கூட்டாளிகள் ஒதுக்கிவிடுவார்கள் என்ற அச்சம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இங்கே அவருடைய மறுப்பு மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இல்லாததோடு ஆதாயமாகவும் இருந்ததால், யாரும் அவரை வற்புறுத்த வேண்டிய தேவை எழவில்லை. உணவு விஷயத்திலும் முதலில் ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும் கோசும் மட்டும் தின்று எழுந்துவந்தவர், பின்னர் சைவ உணவு பழகியிருந்த பார்சி மாணவர் ஒருவரோடு சேர்ந்து விண்ணப்பம் கொடுத்து, பழங்களையும் காய்கறிகளையும் கேட்டு வாங்கிக்கொண்டார். கப்பலில் வாய் திறக்காதவர் கேட்டுப் பெறத் தொடங்கியது இந்த மேசையில்தான். உடன் ஒருவர் இருந்ததும் அதற்குத் துணையாயிற்று.

தனியாகச் சிக்கிக்கொண்ட மாலை வேறுவிதமாகப் போயிற்று. அவருடைய சைவப் பிடிவாதம் அவரைச் சமூகத்துக்குப் பொருந்தாதவராக்கிவிடும் என்று உண்மையாகவே கவலைப்பட்ட நண்பர் ஒருவர், நாடகம் பார்க்கக் கூட்டிப்போவதற்கு முன் ஹோல்பர்ன் உணவகத்தில் விருந்துக்கு அழைத்தார். அது அரண்மனைபோன்ற பெரிய உணவகம். அத்தகைய இடத்தில் கூச்சப்பட்டுக் கேள்வி கேட்காமல் இருந்துவிடுவார் என்று நண்பர் எதிர்பார்த்திருக்க வேண்டும். முதலில் சூப் வந்தது. அது எதில் செய்தது என்று நண்பரிடம் கேட்கத் தயங்கிய காந்தி, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். அதைக் கண்டு கொதித்த நண்பர், இப்படி நடந்துகொள்வதானால் வெளியே போய் வேறெங்காவது சாப்பிட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும்படி சொல்லிவிட்டார். காந்தி எழுந்து வெளியே போனார். பக்கத்திலிருந்த சைவ உணவகம் மூடியிருந்தது. அன்றிரவு பட்டினியோடு நண்பருடன் நாடகத்துக்குப் போனார். இருவரும் அதைப் பற்றி அதன்பிறகு பேசிக்கொள்ளவில்லை, நட்பும் கெடவில்லை.

நண்பரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரும் தம் ஊர்ப் பையனைக் காப்பாற்றத்தான் நினைத்தார். ஆனால் இந்த மாலையின் இடம், நேரம், உணவு, செலவு எல்லாம் ஒருவர் கையிலேயே இருந்தன. விருந்தாளிக்கு எழுந்து போவது ஒன்றே வழியாக இருந்தது. அவர் போக நினைத்த இடமும் மூடிக் கிடந்தது. வெளிநாட்டு மாணவர் பலருடைய மாலைகளில் தகராறு முளைக்கும் இடம் இதுதான். அழைத்தவரும் அழைக்கப்பட்டவரும் ஒருவர்மேல் ஒருவர் அன்பு கொண்டவர்களாக இருந்தும் அது முளைக்கிறது.

நண்பரின் கவலைக்குப் பரிகாரம் செய்ய வேண்டும் என்றே அவர் ஆங்கில கனவானாக மாற முற்பட்டார். ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸில் உடைகள், பத்தொன்பது ஷில்லிங் விலையில் உயரத் தொப்பி, பாண்ட் தெருவில் தைத்த பத்துப் பவுன் மாலை உடுப்பு, அண்ணனிடம் கேட்டுப் பெற்ற இரட்டைவடத் தங்கச் சங்கிலி என்று செலவு ஏறியது. நடன வகுப்புக்கு மூன்று பவுன். மூன்று வாரத்தில் ஆறு பாடம் போயும் பியானோவின் தாளம் பிடிபடவில்லை. மேற்கத்திய இசைக்குக் காது பழகட்டும் என்று வயலின் வாங்க மூன்று பவுன். பேச்சுக் கலை ஆசிரியருக்கு ஒரு கினி, அதாவது இருபத்தொரு ஷில்லிங். மூன்று மாதத்தில் இந்த மோகம் தெளிந்தது. இந்தக் கட்டத்தை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடக் கூடாது. மாலைக் கூட்டத்தில் தமக்கொரு இடம் தேட அவர் செய்த ஒரு முயற்சி இது. மற்றவர்களைப்போல ஆகிவிட்டால் இடம் கிடைக்கும் என்று எண்ணியதுதான் தவறியது.

பலித்தது வேறொரு முயற்சி; அதன் தொடக்கம் கனவான் வேடத்துக்கும் முந்தியது. தினம் பத்துப் பன்னிரண்டு மைல் சுற்றி அலைந்து கடைசியில் ஃபேரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். வாசலருகே கண்ணாடிக்குப் பின்னால் விற்பனைக்கு வைத்திருந்த ஆங்கில எழுத்தாளர் ஹென்றி சால்ட்டின் சைவ உணவு பற்றிய புத்தகத்தை ஒரு ஷில்லிங்குக்கு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து, இங்கிலாந்து வந்தபின் முதன்முறையாக வயிறாரச் சாப்பிட்டார். அந்த வழியில் போகப்போக அவருடைய மாலைகளின் கூட்டாளிகளே மாறினார்கள். இலண்டன் சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் சேர்ந்தார். டாக்டர் ஜோசையா ஓல்ட்ஃபீல்டு நண்பரானார். தாம் குடியிருந்த பேஸ்வாட்டர் பகுதியில் ஒரு சைவ மன்றத்தைத் தொடங்கி, ஓல்ட்ஃபீல்டைத் தலைவராகவும் கவிஞர் எட்வின் ஆர்னால்டைத் துணைத்தலைவராகவும் அழைத்து, தாமே செயலாளராக இருந்தார். அவர் குடிமாறியதும் சில மாதங்களில் அந்த மன்றம் கலைந்துபோனது. அது குறையாகத் தோன்றவில்லை எனக்கு. அந்தச் சில மாதங்களில் வேறொருவர் கூட்டும் மாலைக்குப் போவதற்குப் பதிலாக, மாலையைத் தாமே கூட்டிப் பழகினார்.

குஜராத்தி எழுத்தாளர் நாராயண் ஹேமசந்திரருடன் கழித்த மாலைகளும் இதில் சேரும். மிஸ் மேனிங் என்பவரின் வீட்டில் இந்திய மாணவர்களுக்காக நடக்கும் கூட்டங்களில் தம்மிடம் யாராவது பேசினால் ஒழிய வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பது காந்தியின் வழக்கம். அங்கேதான் இருவரும் சந்தித்தார்கள். பிறகு ஒருவர் அறையில் ஒருவர் சமைத்துச் சாப்பிட்டார்கள். காந்தி ஆங்கில முறையில் கேரட் சூப் வைத்தார். அது ஹேமசந்திரருக்கு ருசிக்கவில்லை. ஒருநாள் எங்கோ தேடிப் பாசிப்பயறு வாங்கிச் சமைத்து எடுத்துக்கொண்டு அவர் வந்தபோது, காந்தி ஆசையோடு சாப்பிட்டார். 1889ஆம் ஆண்டு இலண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைத் தீர்த்துவைக்க உதவிய கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் மேனிங்கைப் பார்த்து நன்றி சொல்ல இருவரும் சேர்ந்து போனதும் உண்டு. நாடகமும் நடனமும் இல்லாத இந்த மாலைகள் மற்ற எல்லாவற்றையும்விட அவரை வளர்த்தன என்று துணிந்து சொல்வேன்.

விடுமுறைகள்

மாலைகளில் ஏற்பட்ட இந்த ஒழுங்கு விடுமுறைப் பயணங்களில் அப்படியே தொடர்ந்தது என்று சொல்ல முடியாது. ஊர் மாறும்போது சைவ உணவகமும் மன்றமும் கூட வருவதில்லை.

முதலாண்டில் பிரைட்டன் கடற்கரை ஊருக்குப் போனார். விடுதியில் உணவுப் பட்டியல் பிரெஞ்சு மொழியில் இருந்தது. என்ன கேட்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, அதே மேசையில் இருந்த வயதான விதவைப் பெண்மணி ஒருவர் பட்டியலைப் படித்துச் சொல்லி, மாமிசம் கலவாதவை எவை என்று காட்டினார். ஒரு சிறு உதவியில் தொடங்கிய பழக்கம் இலண்டன் முகவரியைக் கொடுத்து ஞாயிறுதோறும் சாப்பிட வரச்சொல்லும் அளவுக்கு வளர்ந்தது. அவருடைய கூச்சத்தைப் போக்க வேண்டும் என்று அந்த அம்மையார் இளம்பெண்களை அறிமுகம் செய்துவைத்தார். தம்மோடு தங்கியிருந்த ஒரு பெண்ணுடன் அவரைத் தனியே பேசவிட்டும் போவார். முதலில் தவித்த காந்தி, போகப்போக ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று எதிர்பார்க்கத் தொடங்கினார்.

தமக்குத் திருமணமாகி ஒரு மகனும் இருக்கிறான் என்பதை அவர் சொல்லியிருக்கவில்லை. அந்தக் காலத்தில் இலண்டனுக்கு வந்த இந்திய மாணவர்கள் மணமானவர்களாக இருந்தாலும் மணமாகாதவர்களாகக் காட்டிக்கொள்வது வழக்கமாயிருந்தது. படிக்கும் வயதில் கல்யாணம் என்பது அந்த நாட்டில் இல்லாததால் சொல்ல வெட்கப்பட்டார்கள் என்பதோடு, தங்கியிருக்கும் வீட்டுப் பெண்களோடு உல்லாசமாகப் பழகும் வாய்ப்புப் போய்விடும் என்பதும் காரணம் என்று காந்தியே எழுதுகிறார். அந்த வழக்கத்தில் அவரும் சிக்கினார். அம்மையார் மனத்தில் வேறு எண்ணம் உருவாவதை உணர்ந்ததும், பலமுறை எழுதித் திருத்தி ஒரு கடிதம் அனுப்பினார்: சிறுவயதிலேயே மணமானவன், ஒரு பிள்ளைக்குத் தகப்பன், இதை மறைத்ததற்கு வருந்துகிறேன், இனியும் வீட்டுக்கு வரத் தகுந்தவன் என்று நினைத்தால் அழையுங்கள் என்பது அதன் சாரம். மறுதபாலிலேயே பதில் வந்தது. இருவரும் படித்து வாய்விட்டுச் சிரித்ததாகவும், அடுத்த ஞாயிறு கட்டாயம் வர வேண்டும் என்றும், அந்தப் பால்ய விவாகக் கதையைக் கேட்கக் காத்திருப்பதாகவும் அம்மையார் எழுதியிருந்தார்.

இந்தக் கடிதம் அவருடைய மாணவ வாழ்வில் மிகத் துணிவான செயல் என்று எனக்குப் படுகிறது. மறைத்துவிட்டுப் போகாமல் இருந்துவிடுவது எளிது. அவருடைய கூச்ச சுபாவத்துக்கு அதுதான் பொருந்தியும் வந்திருக்கும். சொன்னதால் ஞாயிறு விருந்தும் போகவில்லை, மனச்சுமையும் இறங்கியது. வாயால் சொல்ல முடியாததை எழுத்தால் சொல்லிவிடும் வழியையும் அவர் கண்டுகொண்டார்.

வைட் தீவிலுள்ள வென்ட்னருக்குப் போன விடுமுறையில் மஜும்தார் உடன் இருந்தார். ஒரு சைவக் குடும்பத்தில் தங்கினார்கள். உணவுக் கவலை இல்லை, உடன் நம்பகமான துணை. வீட்டுக்கார அம்மாவின் மகள் விருந்தாளியை மலைக்குன்றுகளுக்கு அழைத்துப் போவது அங்கத்திய வழக்கம். காந்தி வேகமாக நடப்பவர், அந்தப் பெண் அவரைவிட வேகம். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே போக, இவர் ஆமாம், இல்லை, எவ்வளவு அழகு என்பதற்கு மேல் பேசவில்லை. உச்சியிலிருந்து அந்தப் பெண் அம்புபோலக் கீழே இறங்கிவிட, இவர் நடுவில் நின்று இறங்க முடியாமல் தவித்து, உட்கார்ந்தும் தவழ்ந்தும் வந்து சேர்ந்தார். அவர் சிரித்துப் பாராட்டினார். பேச்சு வராத கூச்சமே தமக்குக் கேடயமாக இருந்தது என்று காந்தி பின்னால் முடிவுகட்டினார். பாதி உண்மை என்பேன். கூச்சம் மட்டும் காப்பாற்றுவதானால் பிரைட்டன் அம்மையார் வீட்டில் அவர் ஞாயிறுகளை எதிர்பார்த்திருக்கமாட்டார். வென்ட்னரில் தங்கிய வீடும் உடன் வந்தவரும் தகுந்தவர்களாக இருந்தது மறுபாதி.

பாரிஸ் பயணம் முழுவதும் திட்டமிட்டது. பாரிஸில் ஒரு சைவ உணவகம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அங்கேயே அறை எடுத்து ஏழு நாள் தங்கினார். நகர வரைபடமும் கண்காட்சி வழிகாட்டியும் கையில் வைத்துக்கொண்டு பெரும்பாலும் நடந்தே சுற்றினார். பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டை ஒட்டி நடந்த அந்தக் கண்காட்சிக்காகவே 300 மீட்டர் உயரமுள்ள ஈஃபில் கோபுரம் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. அதில் இரண்டு மூன்று முறை ஏறினார். முதல் தளத்தில் இருந்த உணவகத்தில், அவ்வளவு உயரத்தில் சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காகவே ஏழு ஷில்லிங் செலவழித்தார். கண்காட்சியின் பரப்பும் பலவகையும் தவிர வேறெதுவும் பின்னால் நினைவில் நிற்கவில்லை என்றும், நோத்ர தாம் முதலிய பழைய தேவாலயங்களும் அவற்றினுள் மண்டியிட்டு வழிபட்ட மக்களும் மறக்கவே இல்லை என்றும் எழுதுகிறார். அந்த ஏழு ஷில்லிங்கைத் தூக்கி எறிந்த பணமாக அவர் பிற்காலத்தில் நினைத்தார். இறுதி ஆண்டில் அவருடைய ஒருநாள் சாப்பாட்டுச் செலவு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ். ஆக அந்த ஒரு வேளைச் சாப்பாடு ஐந்து நாளுக்கு மேற்பட்ட உணவுக்குச் சமம். இருந்தாலும் அதை அவர்மேல் குறையாகச் சுமத்த நான் விரும்பவில்லை. ஏழு நாள் சிக்கனமாக நடந்து சுற்றிய இருபது வயதை ஒட்டிய இளைஞர் ஒரு வேளை ஆசைக்குச் செலவு செய்தால், அதையும் திட்டத்துக்குள் சேர்த்துக்கொள்வதே சரி.

போர்ட்ஸ்மத்

இங்கிலாந்தில் இருந்த கடைசி ஆண்டில் போர்ட்ஸ்மத் நகரில் சைவ உணவினர் மாநாடு ஒன்றுக்கு அவரும் ஓர் இந்திய நண்பரும் அழைக்கப்பட்டார்கள். உணவைப் பற்றிய கவலையே தேவையில்லாத பயணம்; போகும் காரியமும் நல்ல காரியம். ஆனால் போர்ட்ஸ்மத் கடற்படைத் துறைமுகம். மாலுமிகள் நிறைந்த அந்த ஊரில் வெளியே பார்க்கச் சாதாரண வீடுகளாகத் தெரிந்த சில வீடுகள் நல்ல பெயர் உள்ளவை அல்ல. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு எந்த வீடு எப்படிப்பட்டது என்று கண்டுபிடிப்பது வரவேற்புக் குழுவுக்கும் இயலாத காரியமாக இருந்தது. அத்தகைய ஒரு வீட்டில்தான் இருவருக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

மாநாட்டிலிருந்து திரும்பி இரவுச் சாப்பாடு முடிந்ததும் சீட்டாட உட்கார்ந்தார்கள். வீட்டுக்கார அம்மாவும் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டார். இங்கிலாந்தில் நல்ல குடும்பங்களிலும் அது வழக்கம். விளையாட்டுப் பேச்சாகத் தொடங்கியது மெல்ல ஆபாசப் பேச்சாயிற்று. நண்பர் அதில் தேர்ந்தவர் என்பது காந்திக்கு அன்றுவரை தெரியாது. காந்தியும் அதில் இழுபட்டுச் சேர்ந்துகொண்டார். சீட்டைக் கீழே வைத்துவிட்டு எல்லை தாண்டிப் போக இருந்த நொடியில், அதே நண்பர், உனக்குள் எங்கிருந்து வந்தது இந்தப் பேய், எழுந்து போ என்று எச்சரித்தார். நடுங்கிக்கொண்டு அறைக்குள் ஓடியவருக்கு அன்றிரவு தூக்கம் இல்லை. மறுநாள் மாலையே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார். நண்பர் இன்னும் சிறிது காலம் அங்கே தங்கினார்.

கடவுள் காத்தார் என்று காந்தி எழுதினார். ஆய்வாளரின் இடத்திலிருந்து பார்க்கிறவருக்கு வேறு சிலவும் தெரிகின்றன. அவர் அப்போது புதிதாக வந்த மாணவர் அல்லர். செயற்குழு உறுப்பினர், கணக்கு எழுதி வாழ்கிறவர், மூன்றாண்டுப் பழக்கம் உடையவர். ஹோல்பர்னில் எழுந்து போகத் தெரிந்தவருக்கு இங்கே எழ முடியாமல் போனதற்குக் காரணம், அங்கே அவரைத் தூண்டியது வெளிப்படையான கட்டாயம், இங்கே நண்பர்களுக்கிடையிலான சிரிப்பு. கட்டாயப்படுத்துகிறவரிடம் மறுப்புச் சொல்வது எளிது. சிரித்துக்கொண்டு கூட உட்கார்ந்திருப்பவரிடம் எங்கே மறுப்பது என்று தெரிவதில்லை. இழுத்தவரும் நிறுத்தியவரும் ஒரே நண்பர் என்பதையும் விட்டுவிடக் கூடாது. அவர் கெட்ட நண்பர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், காந்தி அன்று தப்பியதற்கே விளக்கம் இல்லாமல் போய்விடும். மாலைச் சகவாசத்தில் இருந்து பிள்ளைகளைக் காக்க நினைக்கும் பெற்றோர் நண்பர்களை நல்லவர், கெட்டவர் என்று இரண்டாகப் பிரிக்கும்போது இதுபோன்ற நண்பர்கள் எந்தப் பக்கமும் அடங்கமாட்டார்கள்.

செலவு

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கனவான் வேடம் கலைந்தபின் அவர் வண்டிக் கட்டணம், தபால் தலை, செய்தித்தாள் என்று ஒவ்வொன்றையும் எழுதி, படுக்கைக்கு முன் கையிருப்போடு சரிபார்த்தார். குடும்பங்களோடு தங்கினால் வாடகையோடு அவ்வப்போது அவர்களை விருந்துக்கு அழைத்துப் போவதும், மரியாதைக்குத் தாமே செலவை ஏற்பதும் சேர்ந்து வருவதைக் கண்டு, தனி அறைக்கு மாறினார். வேலை நடக்கும் இடத்திலிருந்து அரைமணி நேரத்தில் நடந்து போகத்தக்க அறையாகத் தேடியதால் வண்டிச் செலவு நின்றது; தினம் எட்டுப் பத்து மைல் நடக்கவும் வாய்த்தது. கடைசியில் வாரம் எட்டு ஷில்லிங் வாடகையில் ஓர் அறை, ஓர் அடுப்பு, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் என்று ஆயிற்று. முதல் ஆண்டில் தைத்த மாலை உடுப்பின் விலை இந்த வாடகையில் இருபத்தைந்து வாரத்துக்குச் சமம்.

1891 ஜூன் 10ஆம் நாள் அவர் பாரிஸ்டராக ஏற்கப்பட்டு, 11ஆம் நாள் உயர்நீதிமன்றத்தில் பதிந்து, 12ஆம் நாள் கப்பலேறினார். புறப்படுவதற்கு முன் சைவ நண்பர்களுக்கு அவர் கொடுத்த பிரிவு விருந்து ஹோல்பர்ன் உணவகத்தில் நடந்தது. சைவ உணவகங்களில் சைவ விருந்து கிடைப்பதில் புதுமை இல்லை, அசைவ உணவகத்தில் ஏன் கிடைக்கக்கூடாது என்று மேலாளரிடம் பேசி, முழுச் சைவ விருந்துக்கு ஏற்பாடு செய்திருந்தார். இசையும் சொற்பொழிவுகளும் இருந்தன. அவர் முறை வந்தபோது, தயார் செய்திருந்த பேச்சில் முதல் வாக்கியத்துக்கு மேல் எதுவும் நினைவுக்கு வரவில்லை; அழைப்பை ஏற்று வந்ததற்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஆக, மூன்றாண்டுகளில் அவருடைய கூச்சம் போகவில்லை. விருந்துக்கு என்ன வர வேண்டும், யார் வர வேண்டும், எங்கே நடக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவராக மட்டும் மாறியிருந்தார்.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும் இந்திய மாணவர்களுக்காக ஓர் இலண்டன் வழிகாட்டியை எழுதினார். எப்படிப்பட்ட உடைகளை எடுத்துப்போவது, எப்படி அறை தேடுவது, என்ன சாப்பிடுவது, வாரம் ஒரு பவுனில் எப்படி வாழ்வது என்று விலைகளோடு அதில் எழுதியிருக்கிறார். அது அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. இன்று அவருடைய எழுத்துகளின் தொகுப்பில் முதல் தொகுதியில் இருக்கிறது. மாணவரின் வாழ்வில் வகுப்பறைக்கு வெளியே உள்ள மணிநேரங்களுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும் என்று கருதி எழுதப்பட்ட அந்தப் பக்கங்களை, பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் வீட்டார் கட்டண விவரங்களோடு சேர்த்துப் படிக்கலாம்.